மூன்று பேர் விட்ட இடம்

ஆடுகளத்தில் அறுபதுகள் – 17

பேசில் டொலிவேராவுக்கு வாழ்க்கையில் வாய்த்த மூன்று பெரிய வாய்ப்புகளும் வேறொருவர் வராமல் போனதால் கிடைத்தவை. 1960-இல் வெஸ் ஹால் வரவில்லை. 1968 ஆகஸ்டில் ரோஜர் பிரிடோ வரவில்லை. அடுத்த மாதமே டாம் கார்ட்ரைட்டும் வரவில்லை. மூன்றாவது இடத்தில் அவர் பெயரை எழுதிய மறுநாள் ஒரு நாட்டின் பிரதமரே மேடையேறி எதிர்ப்புக் குரல் கொடுத்தார். கிரிக்கெட் வீரர் ஒருவரின் பெயருக்கு அதற்கு முன்போ பின்போ அவ்வளவு பெரிய மேடை கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

கதை தொடங்குவது கேப்டவுன் நகரில், சிக்னல் ஹில் என்ற குன்றின் சரிவில். டொலிவேரா அங்கே 1931-இல் பிறந்தார். தென்னாப்பிரிக்காவில் 1950-இல் வந்த மக்கள் பதிவுச் சட்டம் ஒவ்வொருவருக்கும் ஓர் இன முத்திரை குத்தியது. அவருக்கு விழுந்தது 'கலப்பினத்தார்' என்ற முத்திரை. எங்கே குடியிருக்கலாம், எந்தப் பேருந்தில் ஏறலாம், எந்த மைதானத்தில் ஆடலாம் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம்.

கலப்பினத்தாருக்குக் கிடைத்த மைதானம் புல் இல்லாத வெற்றுத் தரை. ஆட்டக்காரர்களே கல் பொறுக்கி, தரையைச் சமன் செய்து, மேலே மேட்டிங் விரித்து ஆடுவார்கள். நம்மூர் மேட்டிங் விக்கெட்டில் ஆடிப் பழகியவர்களுக்குத் தெரியும், அதில் பந்து எகிறும் எகிறலுக்குக் கணக்கே கிடையாது. அந்தத் தரையில் டொலிவேரா ஒருமுறை 70 நிமிடத்தில் 225 ரன் அடித்தார். வெள்ளையர் அல்லாதோரின் தென்னாப்பிரிக்க அணிக்குத் தலைவராகவும் இருந்தார். நியூலாண்ட்ஸ் என்ற அழகான டெஸ்ட் மைதானம் அதே ஊரில்தான் இருக்கிறது. அங்கே அவர் பார்வையாளராகத்தான் போக முடிந்தது, அதுவும் வெள்ளையர் அல்லாதோருக்கென்று வேலி கட்டி ஒதுக்கிய பகுதிக்கு. அந்தப் பகுதியில் இருந்தவர்கள் வழக்கமாகக் கைதட்டியது வெளிநாட்டு அணிக்கு.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வெள்ளையர் மட்டுமே ஆடிய தென்னாப்பிரிக்க அணி இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று நாடுகளுடன் மட்டுமே டெஸ்ட் ஆடியது. இந்தியா, பாகிஸ்தான், மேற்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றோடு அது ஒரு பந்துகூட டெஸ்டில் வீசவில்லை. உலகக் கிரிக்கெட் நிர்வாகம் இதை ஒரு குறையாகவே நினைக்கவில்லை.

1958-இல் டொலிவேரா இங்கிலாந்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பெறுநர் பிபிசி வானொலியின் கிரிக்கெட் வர்ணனையாளர் ஜான் ஆர்லட். முன்பின் பழக்கமில்லை, குரல் மட்டுமே பழக்கம். இங்கிலாந்தில் எங்காவது ஆட ஓர் இடம் கிடைக்குமா என்று பச்சை மையில் கேட்டிருந்தார். ஆர்லட் சரியான ஆள்தான். தென்னாப்பிரிக்காவுக்குப் போயிருந்தபோது குடிநுழைவுப் படிவத்தில் 'இனம்' என்ற இடத்தில் 'மனிதன்' என்று எழுதிக் கொடுத்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவர் தெரிந்த பத்திரிகையாளர்களிடம் சொல்லி வைத்தார். முகமறியாத ஓர் ஆட்டக்காரரை, அதுவும் ஸ்கோர் அட்டைகளை மட்டும் நம்பி எடுக்க யாரும் முன்வரவில்லை. இரண்டு ஆண்டு ஓடியது.

அப்போதுதான் வெஸ் ஹால். லங்காஷயர் பகுதியின் மிடில்டன் கிளப் 1960 சீசனுக்கு அந்த மேற்கிந்திய வேகப்பந்து வீச்சாளரை எதிர்பார்த்திருந்தது. அவர் வரவில்லை. சீசன் தொடங்க நாள் நெருங்கிவிட்டது, கையில் ஆள் இல்லை. சீசனுக்கு 450 பவுண்டு, விமானச் செலவு அவர் பொறுப்பு என்று டொலிவேராவுக்கு ஒப்பந்தம் போனது. பணம் ஏது? அவர் அச்சகத் தொழிலாளி, அந்த ஜனவரியில்தான் திருமணம் ஆகியிருந்தது. கேப்டவுன் மக்கள் ஆட்டம் நடத்தியும் சீட்டு விற்றும் காசு சேர்த்தார்கள். வெள்ளைக்கார ஆட்டக்காரர்கள் சிலரும் வந்து அவருக்காக ஆடிக் கொடுத்தார்கள். மார்ச் 21 அன்று ஷார்ப்வில் நகரில் காவல்துறை 69 கறுப்பின மக்களைச் சுட்டுக் கொன்றது. அது நடந்து இரண்டு வாரம் ஆவதற்குள் டொலிவேரா லண்டனில் இறங்கினார்.

இறங்கியதும் அவர் தேடியது, தன்னைப் போன்றவர்கள் போக வேண்டிய தனிக் கதவை. அப்படியொரு கதவு இல்லை. உணவகத்தில் வெள்ளைக்காரப் பணியாளர் வந்து என்ன வேண்டும் என்று கேட்டது அவருக்குப் பெரிய குழப்பம். ஈரமான ஆங்கிலப் புல்தரை அதைவிடப் பெரிய குழப்பம். முதல் ஐந்து ஆட்டத்தில் மொத்தம் 25 ரன். ஆனால் சீசன் முடிந்தபோது மிடில்டன் ஆடிய லீக்கின் பேட்டிங் சராசரியில் முதலிடம் அவருக்கு. அதே லீக்கில் ராட்கிளிஃப் கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்த ஒருவர் அவருக்கு அடுத்த இடம். அவர் பெயர் கார்ஃபீல்ட் சோபர்ஸ்.

பிறகு நடந்ததை வேகமாகக் கடக்கலாம். 1964-இல் வூஸ்டர்ஷயர் கவுண்டியில் சேர்ந்தார், அடுத்த ஆண்டு சாம்பியன் பட்டம் வென்ற அணியில் இருந்தார். 1966 ஜூனில் லார்ட்ஸில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக இங்கிலாந்தின் தொப்பியை அணிந்தார். வயதானவர் என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்து, வயதில் சில ஆண்டுகளைக் குறைத்தே சொல்லி வந்தார். அந்தப் பொய்க்காக அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் மறைத்த ஆண்டுகள் அவரிடமிருந்து பறிக்கப்பட்டவைதானே.

முதல் டெஸ்ட் சதம் அடித்தது நம்மவர்களின் பந்தில். 1967 ஜூன், ஹெடிங்லி. பிரசன்னா, பேடி, சந்திரசேகர் மூவரும் இருந்த அணி. டொலிவேரா 109. அந்த டெஸ்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாய்காட்டின் 246-ஐயும், ஃபாலோ ஆனில் பட்டோடி அடித்த 148-ஐயும் சொல்வார்கள், 109-ஐ விட்டுவிடுவார்கள்.

அந்தச் சமயத்திலேயே எல்லோருக்கும் ஒரு கணக்குத் தெரிந்திருந்தது. 1968–69 குளிர்காலத்தில் இங்கிலாந்து தென்னாப்பிரிக்காவுக்குப் போக வேண்டும். டொலிவேரா அணியில் இருந்தால்? 1967 ஜனவரியில் தென்னாப்பிரிக்க உள்துறை அமைச்சர் லெ ரூ, கலப்பு அணிகளை அனுமதிக்க மாட்டோம் என்றார். பிரிட்டிஷ் விளையாட்டுத் துறை அமைச்சர் டெனிஸ் ஹவல், அணி திறமையை வைத்தே தேர்வாகும், யாரையாவது மறுத்தால் பயணமே இருக்காது என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். இரண்டு பக்கமும் வெளிப்படை. இதற்குப் பிறகு வந்த மூடுமந்திரம் முழுவதும் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தின் நீண்ட அறைக்குள், எம்சிசி என்ற கனவான்கள் சங்கத்தில் நடந்தது. அந்நாளில் இங்கிலாந்தின் வெளிநாட்டுப் பயணங்களை நடத்தியது அந்தச் சங்கம்தான்.

1968 ஜனவரியில் எம்சிசி தென்னாப்பிரிக்க வாரியத்துக்குக் கடிதம் எழுதியது: யாரைத் தேர்ந்தெடுத்தாலும் ஏற்பீர்களா? பதில் வரவில்லை. பிரிட்டனின் முன்னாள் பிரதமர் அலெக் டக்ளஸ்-ஹ்யூம் அங்கே போய்ப் பிரதமர் ஃபோர்ஸ்டரைச் சந்தித்துத் திரும்பினார். அழுத்திக் கேட்டால் காரியம் கெடும், விட்டுப் பிடியுங்கள் என்பது அவர் தந்த ஆலோசனை. மார்ச்சில் இன்னொருவர் ஃபோர்ஸ்டரைப் பார்த்தார். கோபம் பிரபு, எம்சிசியின் முன்னாள் தலைவர், வூஸ்டர்ஷயரின் முன்னாள் கேப்டன். அவரிடம் ஃபோர்ஸ்டர் மழுப்பவில்லை. டொலிவேரா வந்தால் பயணம் நடக்காது என்றார். கோபம் பிரபு அதை ஒரு கடிதமாக எழுதி அனுப்பினார்.

அந்தக் கடிதம் எம்சிசியின் செயலாளர் பில்லி கிரிஃபித், பொருளாளர் கப்பி ஆலன், தலைவர் ஆர்தர் கில்லிகன் ஆகிய மூவரோடு நின்றுபோனது. முழுக் கமிட்டிக்குப் போகவில்லை. அணியைத் தேர்வு செய்கிறவர்களுக்கும் தெரியவில்லை. தெரிந்தால் அவர்கள் மனம் சாயும், தெரியாமல் இருப்பதே நியாயம் என்று பிற்பாடு விளக்கம் தந்தார்கள். விளக்கம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மூவரும் தேர்வு நடந்த அறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

1968 கோடையில் ஆஸ்திரேலியா வந்தது. முதல் டெஸ்ட் ஓல்ட் டிராஃபோர்டில். இங்கிலாந்து தோற்றது. இரண்டாவது இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 87 அடித்த டொலிவேராதான் அணியில் அதிக ரன் எடுத்தவர். அடுத்த டெஸ்டுக்கு அவரை நீக்கினார்கள். லார்ட்ஸில் அவரைத் தனியே அழைத்து கிரிஃபித் ஒரு யோசனை சொன்னார்: இனிமேல் தென்னாப்பிரிக்காவுக்காகவே ஆட விரும்புவதாக அறிவித்துவிட்டால் என்ன? எந்த நாடு அவரை மைதானத்துக்குள்ளேயே விடவில்லையோ அந்த நாட்டுக்காக! டொலிவேரா மறுத்துவிட்டார். பிறகு ஒரு புகையிலை நிறுவன அதிகாரி தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தார். ஆண்டுக்கு 4,000 பவுண்டு, அங்கே கலப்பின இளைஞர்களுக்குப் பயிற்சியாளர் வேலை. ஒரே நிபந்தனை, அணித் தேர்வுக்கு முன்பே தான் வரப்போவதில்லை என்று அவர் சொல்லிவிட வேண்டும். அன்றைய கிரிக்கெட்காரருக்கு அது கனவிலும் காணாத சம்பளம். இதற்கிடையே கவுண்டி ஆட்டங்களிலும் ரன் வற்றியிருந்தது. ஆனாலும் அவர் 'சரி' என்று சொல்லவில்லை.

ஐந்தாவது டெஸ்ட், ஓவல் மைதானம், ஆகஸ்ட் 22. தொடரில் ஆஸ்திரேலியா 1–0 முன்னிலை. டொலிவேரா முதலில் அணியில் இல்லை, பந்து வீசும் ஒரு மாற்று ஆட்டக்காரராக அழைக்கப்பட்டிருந்தார். ஆட்டத்துக்கு முதல் நாள் தொடக்க ஆட்டக்காரர் ரோஜர் பிரிடோ உடல்நலமில்லை என்று விலகினார். இரண்டாவது காலி இடம்.

முதல் நாள் கடைசிப் பொழுதில் இறங்கி 24 ரன்னோடு திரும்பினார். மறுநாள் 31-இல் இருந்தபோது விக்கெட் கீப்பர் ஜார்மன் ஒரு கேட்சை விட்டார். இந்தக் கட்டுரைத் தொடரில் எத்தனையோ கேட்ச்களைப் பார்த்தோம், இவ்வளவு விலை போன கேட்ச் வேறில்லை. டொலிவேராவின் ஆட்டம் பார்க்க வித்தியாசமாக இருக்கும். மட்டையைப் பின்னால் அதிகம் தூக்க மாட்டார், காலையும் பெரிதாக அசைக்க மாட்டார், தடித்த முன்கையின் பலத்திலேயே பந்து பறக்கும். மேட்டிங்கில் கற்ற வித்தை. அப்படியே சதம் தாண்டினார், 150 தாண்டினார். இந்த இன்னிங்ஸ் பலருடைய தூக்கத்தைக் கெடுக்கப் போகிறது என்று நடுவர் சார்லி எலியட் அவரிடமே முணுமுணுத்தாராம். 158-இல் வெளியேறினார்.

அந்த டெஸ்டின் கடைசி நாளைச் சொல்லாமல் போனால் பாவம். ஆஸ்திரேலியாவுக்கு இலக்கு 352. உணவு இடைவேளைக்குள் 86 ரன்னுக்கு ஐந்து விக்கெட் போய்விட்டது. உடனே பேய்மழை, மைதானம் ஏரியானது. மழை விட்டதும் டெட் வார்ன் என்ற மைதானப் பொறுப்பாளரோடு பார்வையாளர்களும் இறங்கினார்கள். துணி, துடைப்பம், வாளி, போர்வை என்று கையில் கிடைத்ததை வைத்து நீரை ஒற்றி எடுத்தார்கள். மாலை 4.45-க்கு ஆட்டம் மீண்டும் தொடங்கியபோது மீதி 75 நிமிடம். முதல் 40 நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. இன்வெராரிட்டியும் ஜார்மனும் சுவர் போல நின்றார்கள். கேப்டன் கௌட்ரி பந்தை டொலிவேராவிடம் கொடுத்தார். அவர் ஜார்மனின் ஸ்டம்பைச் சாய்த்தார், இரண்டாம் நாளில் கேட்ச் விட்ட அதே ஜார்மனை. மறுபடி சுழற்பந்து வீச்சாளர் அண்டர்வுட் வந்தார். 27 பந்தில் மீதி நான்கு விக்கெட். பதினோரு பேரும் மட்டையைச் சுற்றிக் கூட்டமாக நிற்கும் அந்தப் புகைப்படத்தைப் பார்க்காத கிரிக்கெட் ரசிகர் இருக்க மாட்டார். நாள் முடியச் சில நிமிடமே இருந்தபோது வெற்றி வந்தது. அண்டர்வுட் 50 ரன்னுக்கு 7 விக்கெட்.

அன்றிரவு எட்டு மணிக்குத் தென்னாப்பிரிக்கப் பயண அணியைத் தேர்வு செய்யக் கூடினார்கள். தேர்வாளர்கள் டக் இன்சோல், அலெக் பெட்சர், டான் கென்யன், பீட்டர் மே, கூடவே கேப்டன் கௌட்ரி. நள்ளிரவு தாண்டியும் பேச்சு நீண்டது. மறுநாள் ஆகஸ்ட் 28. டொலிவேரா வூஸ்டரில் சசெக்ஸ் அணிக்கு எதிராக 128 அடித்துவிட்டு உடை மாற்றும் அறையில் இருந்தார். வானொலியில் பெயர்கள் வாசிக்கப்பட்டன. அவர் பெயர் வரவில்லை. நண்பரும் வூஸ்டர்ஷயர் கேப்டனுமான டாம் கிரேவ்னி அவரைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். அங்கே அவர் அழுதார்.

வெளிநாட்டுப் பயணத்துக்கு அவரை ஆல்ரவுண்டராகக் கருதவில்லை, பேட்ஸ்மேனாகவே பார்த்தோம், அந்த வகையில் அவரைவிடச் சிறந்தவர்கள் இருந்தார்கள் என்றார் இன்சோல். முழுக்கப் புளுகு என்று இதைத் தள்ளிவிட முடியாது. முந்திய குளிர்காலத்தில் மேற்கிந்தியத் தீவுகளில் டொலிவேரா சோபிக்கவில்லை. மக்கள் கொண்டாடிய கொலின் மில்பர்னுக்கும் அன்று இடம் கிடைக்கவில்லை. வேறு எந்த நாட்டுப் பயணமாக இருந்தாலும் இதை ஒரு மோசமான தேர்வு என்று திட்டிவிட்டு மறந்திருப்பார்கள். ஆனால் கடிதத்தைப் படித்த மூவர் மௌனமாக உட்கார்ந்திருந்த அறையில் எடுத்த முடிவு இது. அதைத் திறமைக் கணக்கு என்று எப்படி நம்புவது? கடித விவகாரம் வெளியே வந்தது அடுத்த ஆண்டுதான். அதற்கு முன்பே ஜான் ஆர்லட், கிரிக்கெட் காரணத்துக்காக அவர் விடப்பட்டார் என்று எவரும் நம்பப் போவதில்லை என்று எழுதிவிட்டார். எம்சிசி உறுப்பினர்கள் சிலர் பதவி விலகினார்கள். முன்னாள் கேப்டனும் பாதிரியாருமான டேவிட் ஷெப்பர்ட், ஆட்டக்காரர் மைக் பிரியர்லியோடு சேர்ந்து, சங்கத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்ட வைத்தார். டிசம்பரில் நடந்த அந்தக் கூட்டத்தில் அவர்கள் தீர்மானங்கள் தோற்றன.

கூட்டத்துக்கு முன்பே காலம் தன் வேலையைச் செய்துவிட்டது. டாம் கார்ட்ரைட் என்ற மிதவேகப் பந்து வீச்சாளர் அணியில் இருந்தார். அவருக்குத் தோள்பட்டையில் காயம். ஆட முடியுமா முடியாதா என்று இழுபறி. டொலிவேரா நீக்கப்பட்ட செய்தியைக் கேட்டுத் தென்னாப்பிரிக்க ஆளுங்கட்சியினர் ஆரவாரம் செய்ததாகப் படித்தது தன் மனதை உறுத்தியது என்று கார்ட்ரைட் பல ஆண்டுகளுக்குப் பிறகு சொன்னார். தோள் வலித்ததா, மனம் வலித்ததா, இரண்டுமா. செப்டம்பர் 16 அன்று விலகினார். அவர் இடத்துக்கு டொலிவேரா அறிவிக்கப்பட்டார். மூன்று வாரத்துக்கு முன் இவர் பேட்ஸ்மேன் மட்டுமே என்றவர்கள் இப்போது ஒரு பந்து வீச்சாளரின் இடத்தில் இவரை வைத்தார்கள்.

மறுநாள் புளூம்ஃபான்டைன் நகரில் ஆளும் தேசியக் கட்சியின் மாநாடு. ஃபோர்ஸ்டர் எழுந்தார். இது எம்சிசியின் அணி அல்ல, இனஒதுக்கல் எதிர்ப்பு இயக்கத்தின் அணி, எங்கள்மேல் திணிக்கப்படும் இந்த அணியை ஏற்க மாட்டோம் என்றார். அரங்கம் அதிர்ந்தது. தென்னாப்பிரிக்க வாரியத்தினர் இருவர் லண்டனுக்குப் பறந்து வந்து பேசிப் பார்த்தார்கள். பயனில்லை. செப்டம்பர் 24 அன்று எம்சிசி பயணத்தை ரத்து செய்தது.

அதோடு முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் 1970 கோடையில் தென்னாப்பிரிக்க அணி இங்கிலாந்துக்கு வருவதாகவே இருந்தது. அந்த வருகையைத் தடுக்க பீட்டர் ஹெய்ன் என்ற 19 வயது மாணவர் ஓர் இயக்கம் தொடங்கினார். 1969 நவம்பரில் வந்த தென்னாப்பிரிக்க ரக்பி அணியை ஊர் ஊராக மறித்து ஒத்திகை பார்த்தார்கள். கிரிக்கெட் பயணத்தை 1970 மே மாதம், பிரிட்டிஷ் அரசு கேட்டுக்கொண்டதன் பேரில், இங்கிலாந்து கிரிக்கெட் நிர்வாகம் கைவிட்டது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவை 4–0 என்று துவைத்துப் போட்ட அணி அது. பாரி ரிச்சர்ட்ஸுக்கு அந்த நான்கு டெஸ்டோடு சரி. தென்னாப்பிரிக்கா மறுபடி பன்னாட்டுக் கிரிக்கெட் ஆடியது 1991 நவம்பரில், கல்கத்தா ஈடன் கார்டன்ஸில்.

டொலிவேரா மொத்தம் 44 டெஸ்ட் ஆடினார். 2,484 ரன், சராசரி 40. முப்பத்து நான்கு வயதில் முதல் டெஸ்ட் ஆடியவருக்கு இது சாதாரணக் கணக்கல்ல.

ரத்தான பயணத்துக்குப் பதிலாக 1969 தொடக்கத்தில் அந்த அணியை இலங்கைக்கும் பாகிஸ்தானுக்கும் அனுப்பினார்கள். பாகிஸ்தானில் அதிபர் அயூப் கானுக்கு எதிரான கிளர்ச்சி உச்சத்தில் இருந்த நேரம். அன்று பாகிஸ்தானில் இருந்த டாக்கா நகரம் மாணவர்களின் கையில். காவல்துறையும் ராணுவமும் மைதானத்தின் பக்கம் வரவில்லை, மாணவர் தலைவர்களே கூட்டத்தை ஒழுங்குபடுத்தினார்கள். வெடித்துப்போன சேற்றுத் தரையில் பந்து ஒன்று உருண்டது, ஒன்று எகிறியது. இங்கிலாந்து எடுத்த 274-இல் டொலிவேரா ஆட்டமிழக்காமல் 114. பச்சை மைக் கடிதம் எழுதுவதற்கு முன், சிக்னல் ஹில் சரிவில் அவர் ஆடிப் பழகிய தரையும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

(அடுத்த இதழில்: மெக்ஸிகோ 1968. தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பிய அழைப்பை ஒலிம்பிக் கமிட்டி ஏப்ரலில் திரும்பப் பெற்ற கதையிலிருந்து தொடங்குவோம்.)